கல் அடுப்பும் முப்பது டாலர் பையன்களும்

மழை முடிந்து குளிர் லேசாக எட்டிப் பார்த்தால் போதும், புனேவாழ் தமிழ்க் குடும்பங்களுக்கு 'கேம்ப்' ஜுரம் பிடித்துவிடும். பவனா ஏரி, முல்ஷி என்று சனிக்கிழமை மதியம் கார்கள் கிளம்பும். கூடாரம், கிடார் வாசிக்கிற ஒரு ஆள், சுட்ட சோளம், தயிர்சாதம் கட்டிக்கொண்டு வருகிற ஒரு முன்ஜாக்கிரதை மாமி. இதற்கெல்லாம் நடுநாயகமாகக் கல்லை வட்டமாக அடுக்கி அதற்குள் ஒரு நெருப்பு.

அந்தக் கல் வட்டம் எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால் "கற்காலத்திலிருந்தே இருக்கிறதே சார்" என்று பதில் வரும். கல்லும் நெருப்பும் ஆதி காலத்துச் சொந்தக்காரர்கள்தான், மறுக்கவில்லை. ஆனால் சுற்றுலா முகாமில் கூடாரத்துக்கு ஒன்று என்று இடம் குறித்து, நகர்த்த முடியாதபடி கட்டி வைக்கிற கல் அடுப்புக்கு வயது நூறு கூட ஆகவில்லை. அதைக் கட்டியது யார், ஏன் கட்டினார்கள் என்பதெல்லாம் தெளிவாகப் பதிவாகியிருக்கிறது. காரணம் கொஞ்சம் விசித்திரமானது. அடுப்பு கட்டச் சொன்ன மனிதருக்குச் சமையலில் அக்கறை இல்லை, குளிர் காய்வதிலும் இல்லை. அவர் கவலைப்பட்டது மரத்தின் வேரைப் பற்றி.

அங்கே போவதற்கு முன் பழைய கதையை இரண்டு பத்தியில் முடித்துவிடுகிறேன்.

தென்னாப்பிரிக்காவின் வொண்டர்வெர்க் குகையில், வாசலிலிருந்து சுமார் 30 மீட்டர் உள்ளே, பத்து லட்சம் வருடத்துக்கு முந்தைய சாம்பலும் எரிந்த எலும்பும் கிடைத்ததாக 2012ல் ஆய்வு வெளியானது. அந்த நெருப்பை அவர்களே மூட்டினார்களா, அல்லது எங்கோ தானாகப் பற்றிய தீயிலிருந்து கொள்ளி எடுத்து வந்தார்களா என்பது வேறு கேள்வி. தாமே மூட்டியதற்கு இதுவரை கிடைத்ததில் மிகப் பழைய சாட்சி இங்கிலாந்தில் சஃபோக் பகுதியிலுள்ள பார்ன்ஹாம் என்ற இடம் என்று 2025 டிசம்பரில் அறிவித்தார்கள். சுமார் நாலு லட்சம் வருடம். சுட்ட களிமண், சூட்டில் வெடித்த கைக்கோடரிகள், கூடவே தட்டினால் பொறி பறக்கிற பைரைட் கல்லின் இரண்டு சின்னத் துண்டுகள். அந்த வட்டாரத்தில் அபூர்வமாகவே கிடைக்கிற கல் அது. வேண்டுமென்றே தேடிக் கொண்டுவந்திருக்க வேண்டும் என்பது ஆய்வாளர்களின் வாதம்.

நம்ம ஊர் அடுப்பு வட்டமே கிடையாது, மூன்று கல். மூன்று புள்ளியில் நிற்கிற பானை எந்த மேடுபள்ளத்திலும் ஆடாது. மூன்று இடைவெளி வழியாக விறகும் நுழையும், காற்றும் நுழையும். மண் அடுப்பு செய்யும்போது கூட வாயில் மூன்று குமிழ் வைக்கிறோம் இல்லையா, அது அந்த மூன்று கல்லின் ஞாபகம்தான். ஆற்றுக்கால் பொங்கலுக்குத் திருவனந்தபுரம் போனவர்கள் தெருத்தெருவாக மூன்று மூன்று செங்கல்லாகப் பார்த்திருப்பீர்கள். இதில் ரொம்ப உருகவும் வேண்டாம். வீட்டுக்குள் அடுப்புப் புகையால் 2020ம் ஆண்டில் மட்டும் உலகில் சுமார் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்குச் சொல்கிறது. நம்ம பாட்டிகள் ஊதுகுழலை வைத்துக்கொண்டு இருமியது கிராமிய அழகு இல்லை.

ஆக, மூன்று கல் அடுப்பு பானைக்காக. முகாமின் கல் அடுப்பு எதற்காக?

1908ல் ஃபோர்டு கம்பெனி 'மாடல் டி' காரை வெளியிட்டது. 1927ல் நிறுத்துவதற்குள் ஒன்றரைக் கோடிக்கு மேல் விற்றுவிட்டது. அதுவரை பணக்காரர்கள் ரயிலில் போய் ஓட்டலில் தங்கிப் பார்த்த காடுகளுக்கு, சாதாரண ஜனங்கள் காரில் கூடாரத்தைக் கட்டிக்கொண்டு கிளம்பினார்கள். அப்போது முகாமுக்கு என்று தனி இடம், எல்லை எதுவும் பெரிதாகக் கிடையாது. மரங்களுக்கு நடுவே நேராக வண்டியை ஓட்டிப் போய், பிடித்த மரத்தடியில் நிறுத்தி, கையில் கிடைத்த கல்லை வைத்து அடுப்பு மூட்டுவது. அடுத்த வாரம் வேறு குடும்பம் வரும், பத்தடி தள்ளி இன்னொரு அடுப்பு. கொஞ்ச நாளில் காட்டுத் தரை முழுக்கக் கரித்திட்டு.

கலிஃபோர்னியாவில் செம்மரக் காடுகள் இருக்கின்றன (ஆந்திரா செம்மரம் இல்லை; இது ரெட்வுட், நூறு மீட்டருக்கு மேல் வளரும், உலகத்திலேயே உயரமான மர இனம்). அங்கே பெரிய மரங்கள் வாட ஆரம்பித்தன. பூச்சியா, நோயா என்று பார்க்க எமிலியோ மைனெக் என்பவரை அழைத்தார்கள். அமெரிக்க வனத்துறையில் தாவர நோய் நிபுணர். 1928 வாக்கில் அவர் எழுதிய அறிக்கையில் குற்றவாளி பூச்சி இல்லை, சுற்றுலாப் பயணி. இவ்வளவு உயர மரத்துக்கு ஆணிவேர் கிடையாது. இரண்டு மூன்று மீட்டர் ஆழத்துக்குள்ளேயே பக்கவாட்டில் வெகுதூரம் படர்ந்து, பக்கத்து மரங்களின் வேரோடு பின்னிக்கொண்டுதான் நிற்கிறது. மேலே ஆயிரக்கணக்கான கால்களும் டயர்களும் ஏறி இறங்கினால் மண் சிமெண்ட் மாதிரி இறுகிவிடும். தண்ணீர் இறங்காது, காற்று இறங்காது, வேர் மூச்சு முட்டிச் சாகும்.

"யாரும் வராதீர்கள்" என்று பலகை மாட்டலாம். அரசாங்கங்கள் சாதாரணமாக அதைத்தான் செய்யும். மைனெக் வேறு மாதிரி யோசித்தார். மனிதர்கள் மோசமானவர்கள் இல்லை, எங்கே நிற்பது என்று யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை, அவ்வளவுதான் என்பது அவர் நினைப்பு. 1932ல் முகாம் மைதானங்களுக்கு ஒரு கொள்கை எழுதிக் கொடுத்தார். ஒருவழி வளையப் பாதை. அதிலிருந்து ஒவ்வொரு குடும்பத்துக்கும் கார் நிறுத்த ஒரு சின்னக் கிளை. கார் அதைத் தாண்டாமல் இருக்கப் பெரிய பாறைகளும் மரத்தடிகளும். பக்கத்தில் நகர்த்த முடியாத மேஜை, நகர்த்த முடியாத அடுப்பு, கூடாரத்துக்கு ஓரிடம்.

இதில் சூட்சுமம் அடுப்புதான். கார் நின்றாலும் ஆட்கள் நடப்பார்களே? வீட்டில் பாருங்கள், பொங்கல் அன்று இருபது பேர் வந்தாலும் கடைசியில் எல்லோரும் அடுப்பங்கரை வாசலில்தான் நிற்பார்கள். அடுப்பை ஓரிடத்தில் கட்டிவிட்டால் மனிதர்கள் அதைச் சுற்றியே இருப்பார்கள். அந்தச் சின்ன வட்டம் மிதிபட்டு வீணாகும், போகட்டும். மீதிக் காடு தப்பிக்கும். இன்றைக்கும் அமெரிக்காவில் அரசு முகாம்களில் எண் போட்ட இடம், கிளைப் பாதை, மேஜை, அடுப்பு என்று இருக்கிற அமைப்பு பெரும்பாலும் இந்த மனிதரின் வரைபடத்திலிருந்து வந்ததே. தங்கமணியிடம் இதைச் சொன்னபோது, "அடுப்பு இருக்கிற இடத்தில்தான் குடும்பம் நிற்கும்னு கண்டுபிடிக்க அவருக்கு அறிக்கை தேவைப்பட்டதா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

யோசனை வந்தாயிற்று. ஆயிரக்கணக்கில் கட்டுவது யார்?

1929ல் பங்குச்சந்தை விழுந்து, 1933ல் அமெரிக்காவில் வேலை செய்யக்கூடியவர்களில் கிட்டத்தட்ட நாலில் ஒருவருக்கு வேலை இல்லை. அந்த வருடம் மார்ச் 4ம் தேதி பதவியேற்ற ரூஸ்வெல்ட், அதே மாதம் 31ம் தேதி ஒரு சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். அதிலிருந்து பிறந்ததுதான் குடிமக்கள் பாதுகாப்புப் படை என்று தமிழில் சொல்லக்கூடிய சி.சி.சி. கல்யாணம் ஆகாத, வேலை இல்லாத, 18 முதல் 25 வயதுப் பையன்களைக் காட்டுக்கு அனுப்பி மரம் நட, பாதை போட, தீ அணைக்க வைப்பது. ஏப்ரல் 17ல் வர்ஜீனியா மாநிலத்தில் முதல் முகாம் திறந்துவிட்டது. சட்டம் வந்து மூன்று வாரம் கூட ஆகவில்லை! (நம்ம அபார்ட்மெண்ட் சங்கம் தண்ணீர்த் தொட்டிக்கு மூடி போடவே நாலு கூட்டம் நடத்தியது.)

சம்பளம் மாதம் 30 டாலர். அதில் 25 டாலர் பையன் கைக்கே வராது, நேராக ஊரில் இருக்கிற அப்பா அம்மாவுக்குப் போய்விடும். அவன் கையில் ஐந்து டாலர். சாப்பாடு, துணி, படுக்கை, வைத்தியம் முகாமில் இலவசம்.

இந்த வரியைப் படித்தபோது கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். முதல் சம்பளத்தில் ஊருக்கு அனுப்பியது போக மீதியில் ஓட்டினவர்கள்தானே நம்மில் பாதிப் பேர். பாம்பே தாராவிக்கும் சயனுக்கும் நமக்கு முந்தின தலைமுறையில் வந்து சேர்ந்த திருநெல்வேலிக்காரர்களிடம் கேட்டுப் பாருங்கள், மணியார்டர் ஃபாரத்தின் நிறம் உட்பட எல்லாம் ஞாபகம் வைத்திருப்பார்கள். நகரத்துச் சந்திலிருந்து கிளம்பி, மரத்தைக் கிட்டத்தில் பார்த்தே இராத ஒரு பத்தொன்பது வயசுப் பையன் மலையில் கல் தூக்குகிறான். ஊரில் ஒரு அம்மா மாதாமாதம் 25 டாலருக்குக் காத்திருக்கிறாள். 1942ல் படை கலைக்கப்படும் வரை இப்படிப் போய் வந்தவர்கள் கிட்டத்தட்ட 30 லட்சம் பேர். எல்லாம் பொற்காலம் என்றும் சொல்ல முடியாது. கறுப்பினப் பையன்களைத் தனி முகாமில் வைத்தார்கள், 1935க்குப் பிறகு அதையே விதியாக்கினார்கள். அந்த அடுப்புகளில் அவர்கள் கட்டியவையும் நிறைய உண்டு.

பையன்களுக்குக் கட்டுமானம் தெரியாது. ஆகவே அந்தந்த வட்டாரத்தில் கைதேர்ந்த கொத்தனார், தச்சர்களையும் சம்பளத்துக்கு எடுத்தார்கள். அவர்களுக்கும் வேலை இல்லாத காலம்தானே. மேஸ்திரி சொல்லச் சொல்லப் பையன்கள் கற்றுக்கொண்டார்கள். எந்த வேலைக்கும் அளவோடு வரைபடம் வந்தது. 1937ல் ஏ.டி. டெய்லர் என்ற நிலவடிவமைப்பாளர், முகாம் அடுப்புகளைப் பற்றி மட்டுமே அமெரிக்க வனத்துறைக்காக ஒரு முழுப் புத்தகம் எழுதினார். அடுத்த வருடம் ஆல்பர்ட் குட் தொகுத்த மூன்று பாகப் புத்தகம் பூங்காக் கட்டடங்களைப் பற்றி வந்தது. அந்தக் காலத்துக் 'கிராமிய பாணி'யின் இலக்கணம் அதுதான். பெரிய கல் கீழே, சின்னது மேலே. பாறை பூமியில் எந்தப் பக்கமாகப் படுத்திருந்ததோ அதே பக்கமாகப் படுக்க வை, நட்டுக்குத்தலாக நிறுத்தாதே. இணைப்புகள் நேர்கோட்டில் வரக்கூடாது. பார்த்தால் கொத்தனார் கட்டியது என்று தெரியக்கூடாது, அங்கேயே முளைத்தது மாதிரி இருக்க வேண்டும். இன்றைக்கு ரிசார்ட்டுகளில் கல்லை வரிசையாக நட்டு நடுவில் வெள்ளைச் சிமெண்ட் கோடு இழுத்திருக்கிறார்களே, அதைப் பார்த்தால் அந்த மேஸ்திரிகள் அழுதிருப்பார்கள்.

அடுப்பு என்றால் முழு வட்டம் கூட இல்லை. ப வடிவத்தில் மூன்று பக்கம் தாழ்வான சுவர், முன்பக்கம் திறந்திருக்கும், மேலே இரும்புக் கம்பித் தட்டு. முழு வட்டமாக இடைவெளியில்லாமல் அடைத்தால் கீழே காற்று வராது, புகைதான் வரும். நம்ம மூன்று கல்லுக்குத் தெரிந்த அதே சங்கதி. உள்ளூர்க் கல் சூடு தாங்காத இடத்தில் உள்பக்கம் தீச்செங்கல் பதித்தார்கள்.

சூடு தாங்காத கல் என்பது ஏட்டுச் சமாச்சாரம் இல்லை. இங்கே ஒரு ஏரிக்கரை முகாமில் (பெயர் வேண்டாம்) வேலைக்காரப் பையன் தண்ணீர் ஓரத்திலிருந்து அழகாக வழுவழுவென்று இருந்த கற்களைப் பொறுக்கி வந்து வட்டம் போட்டான். அரைமணி நேரத்தில் பட்டாசு மாதிரி ஒரு சத்தம். கட்டைவிரல் அளவுக்கு ஒரு சில்லு பறந்து போய் கூடாரத் துணியில் ஓட்டை போட்டது. அதற்கு ஒரு முழம் தள்ளிப் பக்கத்து வீட்டுக் குழந்தை உட்கார்ந்திருந்தாள். கல்லுக்குள் கண்ணுக்குத் தெரியாத விரிசலில் தண்ணீர் இருக்கும். அது ஆவியானால் சுமார் 1,700 மடங்கு இடம் கேட்கும். வெளியே போக வழியில்லை என்றால் கல்லை உடைத்துக்கொண்டு போகும். ஆற்றுக் கல், ஏரிக் கல், மழையில் ஊறிய கல் எதுவும் அடுப்புக்கு ஆகாது. தண்ணீர் தவிர இன்னொரு காரணமும் உண்டு. நம்ம ஊர்க் கருங்கல்லில் நிறைய இருக்கிற குவார்ட்ஸ் 573 டிகிரியில் திடீரென்று உப்பும். கங்கு அந்தச் சூட்டை எளிதாகத் தொடும். கல் விரிசல் விடும்.

சயாத்ரியின் கறுப்புக் கல் வேறு ஜாதி. ஆறரைக் கோடி வருடத்துக்கு முன் பொங்கி வழிந்த எரிமலைக் குழம்பு உறைந்தது. குவார்ட்ஸ் குறைவு. ஹவாய்த் தீவிலும் நியூசிலாந்தின் மாவோரி மக்களிடமும் குழி தோண்டிச் சுட்ட கல்லைப் போட்டுச் சமைக்கிற பழக்கம் இருக்கிறது. அவர்களும் எரிமலைக் கல்லைத்தான் தேடி எடுப்பார்கள். ஆனால் நம்ம புனேக் கல்லில் ஒரு வில்லங்கம். கல்லின் பொத்தல்களில் வெள்ளை வெள்ளையாகப் படிகம் அடைந்திருக்கும் பாருங்கள், அதில் நிறைய ஜியோலைட். புனே சுற்றுவட்டாரத்துக் கல்குவாரிகள் இதற்கு உலகப் பிரசித்தம். 1756ல் ஸ்வீடன் நாட்டு க்ரான்ஸ்டெட் இந்த வகைக் கல்லை ஊதுகுழல் வைத்துச் சூடாக்கியபோது அது நுரைத்துக் கொதித்ததாம். கிரேக்க மொழியில் 'கொதிக்கிற கல்' என்று அர்த்தம் வருகிற மாதிரி ஜியோலைட் என்று பெயர் வைத்தார். தனக்குள்ளேயே தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கிற கனிமம். எனவே அடுப்புக்கு எடுக்கும்போது வெள்ளைப் புள்ளி இல்லாத, கெட்டியான, காய்ந்த கறுப்புக் கல்லாகப் பார்த்து எடுப்பது உத்தமம். பொத்தலும் படிகமும் உள்ளதைப் பிள்ளைகள் ஷோகேஸில் வைத்துக்கொள்ளட்டும்.

அமெரிக்காவில் இந்தக் கதைக்கு ஒரு இரண்டாம் பாகம் உண்டு. யுத்தத்துக்குப் பிறகு ஜனங்கள் முகாம் மைதானத்தைத் தாண்டி, முதுகில் பையோடு ஆழமான காட்டுக்குள் போக ஆரம்பித்தார்கள். அங்கே மைனெக் போட்ட வரைபடம் கிடையாது. ஒவ்வொரு குழுவும் புதிதாக ஒரு கல் வட்டம். 1970களிலிருந்து, காட்டுக்குள் கண்ட இடத்தில் கிடந்த கல் வட்டங்களைக் கலைத்து, கரியை அள்ளிக் கொட்டுவதே வனக் காவலர்களுக்கு ஒரு வேலையாகிப் போனது. ஒரே அரசாங்கம் ஒரு பக்கம் கல் அடுப்பைக் கட்டியது, இன்னொரு பக்கம் பிரித்துப் போட்டது. முரண் மாதிரித் தெரிந்தாலும் இரண்டும் ஒரே கணக்குதான். கூட்டம் வருகிற இடத்தில் நிலையான ஒன்று. மற்ற இடத்தில் ஒன்றுமே இல்லை.

நாம் இருக்கிற இந்த மலையில் அந்தக் கணக்கை யாரும் போட்ட மாதிரித் தெரியவில்லை. ஏரியைச் சுற்றி வரிசையாக முகாம்கள், ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒவ்வொரு இடத்தில் நெருப்பு. தீபாவளி கழிந்தால் சயாத்ரிச் சரிவு முழுக்க இடுப்பளவு காய்ந்த புல். ஒதுக்குக் காடுகளில் வனத்துறை அனுமதித்த காலம் தவிர நெருப்பு மூட்டுவதே 1927ம் வருட இந்திய வனச் சட்டத்தின் 26ம் பிரிவின்படி குற்றம். முகாம் நடக்கிற நிலம் தனியார் பட்டாவாக இருந்தாலும், வேலிக்கு அந்தப் பக்கம் காடுதான். பொறிக்குப் பட்டா தெரியாது. காய்ந்த மலைப்புல் எவ்வளவு வேகமாக எரியும் என்று நம்மவர்களுக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. 2018 மார்ச் 11ல் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்களில் இருபதுக்கும் மேற்பட்டோர் காட்டுத்தீயில் இறந்தார்கள். பாதிப் பேர் நம்மைப் போல வாரம் முழுக்கக் கணினி முன் உட்கார்ந்துவிட்டு வார இறுதியில் காற்று வாங்கப் போன சின்ன வயசுக்காரர்கள்.

அதனால் அடுத்த தடவை போகிறவர்களுக்கு: முகாமில் ஏற்கெனவே கரி பிடித்த அடுப்பு இருந்தால் அதையே பயன்படுத்துங்கள், "வியூ நல்லா இருக்கு" என்று புதிதாக ஒன்று வேண்டாம். இல்லவே இல்லை என்றால், நிலத்துக்காரரைக் கேட்டுவிட்டு, சுற்றி பத்தடிக்குப் புல்லையும் சருகையும் செதுக்கி வெறும் மண் தெரிய விடுங்கள். மேலே கிளை தொங்கக் கூடாது. மூன்றடி அகலம், முக்காலடி ஆழம் போதும். தோண்டிய மண்ணைப் பக்கத்திலேயே குவித்து வையுங்கள், மூடுவதற்கு வேண்டும். கல்லை ப வடிவில் வைத்து, திறந்த பக்கத்தைக் காற்று வருகிற திசைக்கு விடுங்கள். காற்று பலமாக அடித்தால் நெருப்பே வேண்டாம். தயிர்சாதத்துக்குச் சூடு தேவையில்லை.

அணைப்பதுதான் எல்லோரும் அவசரப்படுகிற இடம். ஒரு வாளி ஊற்றினால் மேலே கறுக்கும், அடியில் கங்கு காலை வரை உயிரோடிருக்கும். ஊற்றி, குச்சியால் கிளறி, மறுபடி ஊற்றி, சாம்பல் குழம்பாகும் வரை செய்ய வேண்டும். ஊற்றும்போது பிள்ளைகளைத் தள்ளி நிறுத்துங்கள், சுடுகல்லில் பச்சைத் தண்ணீர் பட்டாலும் சில்லு தெறிக்கும். கடைசியாகப் புறங்கையைச் சாம்பலுக்குக் கிட்டத்தில் கொண்டு போய்ப் பாருங்கள். வெதுவெதுப்பு இருந்தால் இன்னும் ஒரு வாளி.